கதைக்க வாங்கோ

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம். அந்த ஊரில் கற்பூரம் கிடைக்காது என்பதால் வெங்காயத்தின் மேல் கைவைத்துச் சத்தியம். கண்ணில் நீர் வந்தால் வெங்காயம் பொறுப்பு. கதை பொறுப்பல்ல.

வெங்காயச் சருகு பறக்கிறது.

காலையில் அது செம்பு. மத்தியானம் வெறும் வெளிச்சம். பின்னேரம் மறுபடி செம்பு. வயலிலிருந்து கிளம்பித் தெருவெல்லாம் அலைந்து, போக இடமில்லாமல், நூலகத்தின் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து பார்த்தால் அதன் நரம்புகளுக்குள் வெயில் ஓடுவது தெரியும்.

உள்ளேயிருந்து பார்ப்பவள் பவளராணி.

ஊரின் பெயர் லாஸ் கார்சாஸ். நாரைகள் என்று பொருள். நாரை ஒன்றுகூடக் கிடையாது. பெயரைக் கேட்டுவிட்டு வெட்கத்தில் போய்விட்டன என்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு ஓரம். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஸ்பானியம், இந்தப் பக்கமும் ஸ்பானியம். நடுவில் ஆறு ஒன்றும் பேசாமல் போகும்.

பவளராணி பருத்தித்துறைக்காரி. நூலகர் வேலைக்குப் படித்தாள். வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வேறொருவரும் போகாத இடத்தில் இருக்கிறது என்றார்கள். போனாள். தலை அங்கேயே நரைத்தது.

அவள் வீட்டில் ஒரு கதவு, ஒரு யன்னல், ஒரு கேத்தில். கேத்தில் மட்டும் கொதிக்கிறபோது ஏதோ சொல்லும். அவள் "ஓம்" என்பாள், அவள் ஊர் ஆமாம். பிறகு அடுப்பை அணைப்பாள். பிறகு வீடு முழுக்க அந்த "ஓம்" மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

நூலகத்தின் பின்பக்கத்தில் கதை அறை. அதில் குட்டிக் குட்டிக் கதிரைகள். நாற்காலியை அவள் ஊரில் கதிரை என்பார்கள். புதன்கிழமை பின்னேரம் அங்கே குடும்ப வாசிப்பு நேரம். பிள்ளை தனியாக வரக்கூடாது. தாயும் தகப்பனும் கூட வரவேண்டும், சேர்ந்து புத்தகம் வாசிக்கவேண்டும். எழுத்து வீட்டிலிருந்தே பிள்ளையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

நல்ல திட்டம். ஒருவரும் வரவில்லை.

ஒரு புதன். ஒருவரும் வரவில்லை. மறு புதன். காற்று வந்தது, கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

பவளராணி கதிரைகளுக்கு வாசித்தாள். படங்களைத் திருப்பிக் காட்டினாள். கதிரைகள் நல்ல பிள்ளைகள், ஒன்றையொன்று கிள்ளாது. ஒருநாள் மட்டும் கடைசி வரிசையில் ஒரு கதிரை கொட்டாவி விட்டது. அவள் கோபிக்கவில்லை. அதற்கும் வெங்காய வேலை இருந்திருக்கும்.

தலைமை நூலகர் ஒஃபேலியா கெட்டவளல்ல. அந்த ஊர்க்காரி. பவளராணி என்ற பெயர் அவள் வாயில் முழுதாக நுழையாது. பவ்லா என்பாள். ஊரும் பவ்லா என்றது. பெயரின் பின்பாதியைக் கடைசியாக எப்போது கேட்டாள் என்று பவளராணிக்கே மறந்துபோயிற்று.

"பவ்லா," என்றாள் ஒஃபேலியா, "வெங்காயம் முடியுமட்டும் பாப்பம். அதுக்குள்ள சனம் வரவேணும். வராட்டில் இந்த அறையைப் பூட்டிப்போட்டுப் பழைய பேப்பர் அடுக்கச் சொல்லுறாங்கள். உன்னையும் முன்னுக்கு, முத்திரை குத்துற மேசைக்குத்தான் போடுவாங்கள். அங்க கதைக்க ஒண்டும் இல்லை."

அவள் சொன்னது ஸ்பானியம். பவளராணிக்குக் கேட்டது பருத்தித்துறைத் தமிழ். அவள் காது அப்படி. எந்த மொழி போனாலும் உள்ளே அவள் ஊர்ப் பேச்சாகத்தான் விழும். ஒரு வைத்தியரிடம் காட்டினாள். அவர் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பிரச்சினையும் இல்லையணை" என்றார். அதுவும் அப்படித்தான் கேட்டது. வாய்க்குத்தான் அந்த வரம் இல்லை. வாயால் போவதற்கு அகராதி வேண்டும்.

வெங்காயம் முடிந்தால் ஊர் முடிந்தது. கிளறுகிறவர்கள், தரம் பிரிக்கிறவர்கள், மூட்டை தைக்கிறவர்கள் எல்லோரும் லொறிகளில் ஏறி வடக்கே போவார்கள். அங்கே வேறு பயிர் காத்திருக்கும். ஊரில் மிஞ்சுவது சருகு.

ஞாயிற்றுக்கிழமை தங்கை ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, சாப்பிட்டியளே?"

"ஓம்."

"அங்க ஆரோட கதைக்கிறனீங்கள்?"

பவளராணி யோசித்தாள். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "கேத்திலோட."

"உங்களுக்கு விசர், அக்கா," என்று தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ கதவு தட்டினார்கள். அந்தப் பக்கம் எப்போதும் யாரோ தட்டுவார்கள்.

ஆரோட கதைக்கிறனீங்கள். அந்தச் சொல் அவள் வாயைவிட்டுப் போகவில்லை. மற்ற ஊர்களில் மனிதர்கள் பேசுவார்கள். அவள் ஊரில் கதைப்பார்கள். சந்தையில் கதைப்பார்கள், வேலிக்கு மேலால் கதைப்பார்கள், சண்டை பிடித்தால் ஏழு வருடம் கதைக்காமல் இருப்பார்கள். கதை சொல்வது ஒன்று, பேசுவது வேறொன்று என்று அவள் வாய்க்குத் தெரியாது.

அங்கேதான் பிழை வந்தது.

ஒஃபேலியா முதுகு பிடித்து வீட்டில் கிடந்த வாரம். புது அறிவித்தல் எழுதவேண்டும். 'குடும்ப வாசிப்பு' என்பதை விட்டுக் 'குடும்பக் கதை நேரம்' என்று எழுது என்று சொல்லியிருந்தாள். பவளராணி முதலில் மனதுக்குள் தமிழில் எழுதினாள்: குடும்பமாகக் கதைக்க வாங்கோ. பிறகு அகராதியை விரித்துச் சொல்லுக்குச் சொல் ஸ்பானியமாக்கினாள்.

அது இப்படி விழுந்தது: வீட்டோடு வந்து அரட்டையடியுங்கள்.

அரசாங்க முத்திரையோடு. சலவைக் கடையில் ஒட்டினாள். வெங்காயக் கொட்டிலில் ஒட்டினாள். பாண் என்கிற ரொட்டி விற்கும் வண்டியில் ஒட்டினாள். அந்த வண்டி நிற்காமல் ஊர் முழுக்க ஓடியது.

புதன்கிழமை மழை.

அந்த ஊர் மழை கீழிருந்து மேலே பெய்யும். மண்ணுக்கு அவ்வளவு தாகம். துளி விழுமுன்பே எட்டிப் பிடித்துவிட்டு, மிச்சத்தை மேலே துப்பும். சருகுகள் கண்ணாடியைவிட்டு நழுவின. கதவு திறந்தது.

ஒரு பெண். நனைந்த சட்டையில் வெங்காய மணம். கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. பின்னால், வைக்கோல் தொப்பியில் நீர் சொட்ட, ஒரு கிழவர். வெங்காயக் கொட்டிலில் தரம் பிரிக்கும் எவுலாலியா. அவள் மகள் தெல்பினா. அவள் மாமனார் தோன் நிக்கானோர்.

பவளராணி எழுந்தாள். பாடமாக்கி வைத்திருந்த ஸ்பானிய வரவேற்பு ஒரு எழுத்து விடாமல் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இதுதான்:

"வாங்கோ! வாங்கோ!"

ஸ்பானியத்தில் 'பாங்கோ' என்றால் உட்காருகிற நீளப் பலகை. வாவுக்கும் பாவுக்கும் அவர்கள் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. கிழவர் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் உண்மையாகவே ஒரு பலகை இருந்தது. "கண்டுட்டன் பிள்ளை, கண்டுட்டன்," என்று போய் இருந்தார். உள்ளே வந்ததும் அடையாள அட்டை கேட்காமல் உட்காருகிற இடத்தைக் காட்டிய அரச கட்டடத்தை அவர் அன்றுதான் கண்டார்.

இது பவளராணிக்குத் துணிவு கொடுத்தது. கொடுத்திருக்கக் கூடாது.

அவள் ஊர் மேசை அங்கே மேசா. அவள் ஊர்ப் பாண் அங்கே பான். காலில் போடுகிற சப்பாத்து, சப்பாத்தோ. கோப்பை, கோப்பா. முன்னொரு காலம் பறங்கிகள் கப்பலில் வந்து அவள் ஊரைப் பிடித்தார்கள். அவசரமாகப் போகவேண்டி வந்தபோது தளபாடங்களைப் பெயரோடு விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மொழியும் ஸ்பானியமும் அக்கா தங்கை. அப்படியானால் கதிரை? கதேராவாகத்தான் இருக்கவேண்டும்.

கையை நீட்டி, மிகுந்த மரியாதையோடு, கதேராவில் இருக்கச் சொன்னாள்.

கதேரா என்றால் இடுப்பு.

எவுலாலியா தன் இடுப்பைப் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கிழவர் பலகையிலிருந்து எழுந்தார். "சட்டமெண்டால் சட்டம்தான்," என்றார். மருமகள் அவரையும் தூக்கி மற்ற இடுப்பில் வைத்தாள். மூட்டை தூக்குகிற உடம்பு, பாரம் தெரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மருமகளின் மடியில் அல்ல, தன் மடியில்.

"ரீச்சர், ஒண்டு சொல்லிப்போடுறன்," என்றாள் எவுலாலியா. "எனக்கு வாசிக்கத் தெரியாது. உந்தப் புத்தகங்களைக் காட்டி என்னை வெக்கப்படுத்தாதேங்கோ. முந்தியும் இந்த வாசல்மட்டும் வந்திருக்கிறன். 'வாசிப்பு' எண்டு போட்டிருந்திச்சு எண்டு ஆரோ சொன்னவை. திரும்பிட்டன். இப்ப கதைக்க எண்டுதானே கூப்பிட்டனீங்கள்?"

பவளராணி மேசையில் விரித்திருந்த படப்புத்தகத்தை எடுத்தாள். மூடினாள்.

"ஓம்," என்றாள். "கதைக்கத்தான்."

எவுலாலியா கதைத்தாள். அவள் பிறந்த ஊரில் ஒரு நாய் கோயில் மணியை விழுங்கியது. அதன்பிறகு அது குரைத்தால் மத்தியானம். தவறி இரவில் குரைத்தாலும் மத்தியானம்தான், சனம் எழும்பிச் சமைக்கும். தெல்பினா இடுப்பிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவர், "அது பெரிய மணி இல்லை, சின்ன மணி," என்று திருத்தினார். மிகை அவருக்குப் பிடிக்காது.

எவுலாலியாவின் சட்டைக் கையில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. பவளராணி அதை எடுத்தாள். மேசையில் விரித்தாள். அகராதியைப் பார்த்து ஸ்பானியத்தில், பேனையால் பெரிய எழுத்தில் எழுதினாள்: நாய் மணியை விழுங்கியது. கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் சருகுக்குள் வந்தது. எழுத்து நின்றது.

தெல்பினா வாசித்தாள்.

"இதுவோ நான் சொன்னது?" என்றாள் எவுலாலியா.

"ஓம்."

"இவ்வளவு சின்னனோ?"

விரலால் தொட்டாள். நாய் எது, மணி எது என்று மகளிடம் கேட்டாள். மகள் காட்டினாள். அன்று எவுலாலியா நாயை வாசித்தாள். மணியை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொண்டாள்.

மறு புதன் சலவைக் கடை முழுவதும் வந்தது. அதற்கடுத்த புதன் வெங்காயக் கொட்டில் முழுவதும் வந்தது. வாசலிலேயே தாய்மார் பிள்ளைகளை இடுப்புக்கு ஏற்றினார்கள். நூலகத்தின் வழக்கம் அது என்று ஊர் தெரிந்துகொண்டது. லொறி ஓட்டும் பெரிய மீசைக்காரன் ஒருவன் தாயின் இடுப்பில் ஏறி, வெட்கத்தில் முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டான். தாய் அவன் முதுகில் தட்டியபடி, அவன் பிறந்த நாள் மழையைச் சொன்னாள். அவன் அதுவரை கேட்டிராத மழை.

கதை கூடக் கூட அறை வீங்கியது. பின்சுவர் ஒவ்வொரு புதனும் ஓரடி தெருவுக்குள் போயிற்று. பாண் வண்டி சுற்றிப் போகப் பழகிக்கொண்டது. கண்ணாடி முழுக்கச் சருகுகள், சருகு முழுக்க எழுத்து. பின்னேர வெயில் அதன் வழியாக வந்து பிள்ளைகளின் நெற்றியில் விழும். ஒருத்தியின் நெற்றியில் 'ஆறு'. ஒருத்தனின் கன்னத்தில் 'அம்மா'. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் வாசித்தார்கள்.

எல்லோரும் கதைத்தார்கள். எல்லோரும் எல்லோரோடும்.

பவளராணி எழுதினாள். பேனைக்கு மை ஊற்றினாள். கடைசியாகப் போகிறவர்களுக்கு விளக்கைப் பிடித்தாள். "பவ்லா, போட்டு வாறம்," என்பார்கள். கதவைப் பூட்டினால் கதிரைகள். வீட்டைத் திறந்தால் கேத்தில். ஊர் முழுக்க இப்போது கதை. அவளோடு மட்டும் இல்லை. கேட்கிறவளிடம் யார் போய்க் கேட்பார்கள்?

வெங்காயம் முடிந்தது.

வயல் வெறும் வயலாயிற்று. காற்றுக்குத் தூக்க ஒன்றுமில்லை. கடைசிப் புதன் அன்று லொறிகள் நூலகத்துக்கு முன்னால் வரிசையாக நின்றன. சட்டி பானை ஏற்றியாயிற்று, பாய் ஏற்றியாயிற்று. கதைத்து முடிந்ததும் நேரே வடக்கு. ஒஃபேலியா அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். போகிற சனத்தை வைத்துக்கொண்டு அறையை எப்படிக் காப்பது? அவளுக்கும் முகம் சரியில்லை.

அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. போகிற நாளில் என்ன கதைப்பது? மழை மட்டும் மெல்லக் கதைத்தது.

தோன் நிக்கானோர் மருமகளின் இடுப்பில் இருந்தபடி தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, இவ்வளவு நாளும் நாங்கள்தான் கதைச்சம். நீ ஒரு கதையும் சொல்லேல்லை. கடன் வைச்சுக்கொண்டு எங்களை அனுப்பப் போறியே?"

பவளராணி மேசையில் தேடினாள். அகராதி எங்கேயோ கிடந்தது. கையிலிருந்தது பறங்கிகள் விட்டுப்போன தளபாடம் மட்டும். அதை வைத்தே தொடங்கினாள்.

"ஒரு மேசா," என்றாள்.

நிறுத்தினாள்.

அறை அமைதியாக இருந்தது. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் காத்திருந்தாள். அவர்களும் காத்திருந்தார்கள்.

"மேசாவில் பான்." நிறுத்தினாள். மழை. "மேசாவுக்குக் கீழே ஒரு சப்பாத்தோ. ஒற்றை." நிறுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது, ஒருவருக்கும் விளங்கவில்லை என்று. பேனையை மூடினாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினாய்?" என்றார் கிழவர்.

"நீங்கள் 'ம்' சொல்லேல்லை."

"என்னது?"

அவள் விளக்கினாள். கையாலும் கண்ணாலும் விளக்கினாள். எங்கட பக்கத்தில் கதை சொன்னால் கேட்கிறவர் 'ம்' கொட்டவேண்டும். ஒரு வசனத்துக்கு ஒரு 'ம்'. 'ம்' வந்தால்தான் அடுத்த வசனம் வரும். வராவிட்டால், எதிரில் ஒருவரும் இல்லை என்று பொருள்.

எவுலாலியா அவளைப் பார்த்தாள். "எங்கட ஆக்கள் கதைக்குள்ள சத்தம் போட்டால் தாய்மார் காதைத் திருகுவினம், ரீச்சர். நாங்கள் அடக்கிக்கொண்டெல்லோ நிண்டனாங்கள்." பிறகு, "உங்கட முழுப்பேர் என்ன?" என்றாள். இவ்வளவு நாளும் கேட்காதது அப்போதுதான் உறைத்த முகம்.

"பவளராணி."

தெல்பினா சொல்லிப் பார்த்தாள். பவ்லா, பவள, பவளரா. மூன்றுதரம் விழுந்து நான்காம்தரம் எழும்பினாள். "பவளராணி! பிறகு?"

"ஒரு சப்பாத்தோ," என்றாள் பவளராணி. "ஒற்றை."

"ம்," என்றது அறை.

முழு அறையும். சலவைக் கடையும் வெங்காயக் கொட்டிலும், மீசைக்காரனும் அவனைத் தூக்கிய தாயும், வாசலில் சாவியோடு நின்ற ஒஃபேலியாவும். இத்தனை காலம் அடக்கியது அத்தனையும் சேர்ந்து வந்தது. கதிரைகள் நடுங்கின. கண்ணாடியில் சருகுகள் ஒருசேரச் சிலிர்த்தன.

வெளியே நின்ற லொறிகள் அந்த 'ம்'மைக் கேட்டன. தங்கள் எஞ்சின்தான் இயங்கிவிட்டது என்று நினைத்தன. லொறிகளுக்கு அவ்வளவுதான் புத்தி. ஒன்றன்பின் ஒன்றாக, ஓட்டுகிறவர் இல்லாமல், சட்டி பானையோடும் பாயோடும், வடக்கே போய்விட்டன.

சனம் வெளியே வந்து பார்த்தது. தார் வீதியில் ஈரத் தடம் மட்டும். அதிலும் மழை விழுந்துகொண்டிருந்தது.

"வடக்குக்கு எங்களைவிட அதுகளுக்கு அவசரம்," என்றார் தோன் நிக்கானோர். மீசைக்காரன் தன் லொறிக்கு ஒருதரம் கையசைத்தான். பிறகு எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஈரக் காலோடு. ஒஃபேலியா கடைசியாக வந்தாள். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, எவுலாலியாவின் மூத்த அக்கா ஒருத்தியின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். முதுகுவலிக்கும் இது நல்லது என்றாள்.

"பிறகு?" என்றார்கள்.

பவளராணி சொன்னாள். ஒற்றைச் சப்பாத்து மற்றதைத் தேடிப் போனது. "ம்." மழையில் போனது. "ம்." கடலில் கோப்பையில் ஏறிப் போனது. "ம்." ஒவ்வொரு மேசைக்குக் கீழும் குனிந்து, நீயோ, நீயோ என்று கேட்டது. "ம், ம்." யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ வெங்காயத்தைத் திட்டினார்கள். பின்சுவர் இன்னும் ஓரடி நகர்ந்து இடம் கொடுத்தது.

அன்று முடியவில்லை. மறு புதனும் வந்தார்கள், பவளராணி என்று முழுதாகக் கூப்பிட்டுக்கொண்டு. அதற்கடுத்த புதனும். அந்த அறையைப் பூட்ட ஒருவரும் வரவில்லை. சப்பாத்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவள் வசனத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். அவர்கள் 'ம்' என்கிறார்கள்.

இதுவும் வெங்காயத்தின் மேல் சத்தியம்: புதன்கிழமைகளில் அந்த நூலகத்துக்கு விடுமுறை.